வேகத்தைக் கூட்டினால் கணினி ஏன் நின்றுபோகிறது?

மேசைக் கணினியின் செயலியை அதன் உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மதர்போர்டின் பயாஸ் திரைக்குள் நுழைந்து ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தால் அந்த வேலை முடிந்துவிடுகிறது. கடினமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. சேமித்த கணினி திரையில் எதையும் காட்டாமல் இருந்துவிடலாம். எழுந்துகொண்டு, பெரிய விளையாட்டு ஒன்றின் நடுவே நீலத்திரை காட்டி அணைந்துபோகலாம். வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியபின், எவரும் எந்த வேலையும் தராத நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இந்தத் தடுமாற்றங்கள் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதையும், எல்லாவற்றுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது தீர்வாகாது என்பதையும் அறிந்தவரே தம் செயலியைக் கெடுக்காமல் வேகத்தைப் பெறுகிறார்.

செயலிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு மின்துடிப்பின் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. இன்றைய கணினிகளில் அடிப்படைத் துடிப்பு விநாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். அதைச் செயலி தனக்குள் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கி எனப்படும் அந்த எண் 50 ஆக இருந்தால் செயலியின் வேகம் 5,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5 கிகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியின் 500 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர் தொலைவைத்தான் கடக்க முடியும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள், வரிசையாகப் பிணைந்துள்ள டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி, கடைசியில் உள்ளதும் தன் நிலையைச் சுழியம் அல்லது ஒன்று என உறுதிசெய்து முடித்திருக்க வேண்டும். முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் தவறான மதிப்பு பதிவாகிறது. வேகத்தை மட்டும் கூட்டியபோது தோன்றும் தடுமாற்றங்களுக்கெல்லாம் வேர் இந்த நேரப் பற்றாக்குறைதான்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறுகின்றன என்பது உண்மை. ஆனால் செயலி உண்ணும் மின்திறன், துடிப்பின் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் உயர்கிறது. 4.8 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட்டில் ஓடும் ஒரு செயலியை 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், வேகம் 8 விழுக்காடு கூடும்போது மின்திறன் ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் மின்திறன் முழுவதும் வெப்பமாகிறது. வெப்பம் கூடக்கூட அதே வேகத்துக்கு இன்னும் சற்று அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைத் துரத்துவது இலாபமற்றுப்போவது இந்தச் சுழற்சியால்தான்.

உற்பத்தியாளர் குறித்துக் கொடுக்கும் வேகத்துக்கும் செயலி உண்மையில் தாங்கக்கூடிய வேகத்துக்கும் நடுவே ஒரு காப்பு இடைவெளி உண்டு. கோடைக்கால அறை, தூசி படிந்த விசிறி, மலிவான எஸ்.எம்.பி.எஸ். (மின்வழங்கி), பல ஆண்டுத் தேய்மானம் ஆகிய அனைத்தையும் தாங்குவதற்காக விடப்படும் அந்த இடைவெளியைத் தனக்கு எடுத்துக்கொள்வதே ஓவர்கிளாக்கிங். அது செயலிக்குச் செயலி மாறுபடும். ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டப்பட்டு ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு செயலிகளில் ஒன்று 5.3 கிகாஹெர்ட்ஸைத் தாங்கும், மற்றொன்று 5.1-லேயே தடுமாறும். இன்னொருவருடைய பயாஸ் எண்களை அப்படியே எடுத்துத் தம் கணினியில் இடுவது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட.

இந்த இடைவெளி வியக்கத்தக்க அளவுக்குப் பெரிதாக இருந்த காலமும் உண்டு. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவுவிலைச் செயலியின் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பில் அது 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் ஜம்பர் ஊசிகளைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே அடிப்படைத் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸாக மாற்ற முடிந்ததால், அச்செயலிகளுள் மிகப் பல எந்தத் தடுமாற்றமும் இன்றி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. இன்றைய செயலிகள் அப்படியல்ல. வெப்பமும் மின்னோட்டமும் இடம்கொடுக்கும் வரை தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்ளும் டர்போ, பூஸ்ட் வசதிகள் காப்பு இடைவெளியின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே செலவிட்டுவிடுகின்றன. எஞ்சியிருப்பது சில விழுக்காடு மட்டுமே. அதனால்தான் இன்று தடுமாற்றம் எளிதாக வருகிறது.

திரையே வராதபோது

மாற்றத்தைச் சேமித்ததும் விசிறிகள் சுழன்று, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. கணினி தொடங்கும்போது மதர்போர்டு தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கட்டத்துக்குப் போஸ்ட் என்று பெயர். டிடிஆர்5 வகை ரேம் பொருத்திய கணினிகளில், அமைப்புகளை மாற்றிய பிறகு வரும் முதல் போஸ்ட்டின்போது, ரேமுக்கும் செயலிக்கும் இடையிலான சமிக்ஞை நேரங்களை மதர்போர்டு புதிதாக அளந்து பொருத்திக்கொள்கிறது. அது சில நிமிடங்கள்கூட நீளலாம். கணினி செத்துவிட்டது என்று அஞ்சி நடுவில் மின்சாரத்தைத் துண்டிப்பவர் அந்த அளவீட்டைத் திரும்பத் திரும்பக் கலைத்துக்கொண்டிருக்கிறார்.

காத்திருந்தும் பயனில்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகள் பேசும். செயலி, ரேம், கிராபிக்ஸ் கார்டு, பூட் ஆகிய நான்குக்கும் தனித்தனி விளக்குகள் பல மதர்போர்டுகளில் உள்ளன. விலையுயர்ந்தவற்றில் இரண்டு இலக்கக் குறியீடு காட்டும் சிறு திரையும் இருக்கும். ரேம் விளக்கு அணையாமல் நின்றால் செயலியின் பெருக்கியைக் குறைப்பதில் பொருளில்லை. அடுத்தது, பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸ் நினைவகத்தை அழிப்பது: மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் அதற்கெனக் குறிக்கப்பட்ட இரண்டு ஊசிகளைச் சில விநாடிகள் இணைத்துப் பிடித்தாலோ, சி.ஆர்.2032 என்ற நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தாலோ, பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புகளுக்குத் திரும்பும். அப்போது பழைய எண்களும் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பயாஸ் திரையைக் கைபேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. தொழிற்சாலை அமைப்பிலும் திரை வரவில்லை என்றால் சிக்கல் ஓவர்கிளாக்கிங்கில் இல்லை. ரேம் பலகை சரியாக அமராததோ செயலிக்கான 12 வோல்ட் இணைப்பு தளர்ந்ததோ காரணமாக இருக்கக்கூடும்.

செயலியின்மேல் விழும் பழி

தடுமாறும் கணினிகளில் செயலியைக் குற்றம் சொல்வதற்கு முன் ரேமை விசாரிக்க வேண்டும். எக்ஸ்.எம்.பி. என்பது 2007-இல் இன்டெல் டிடிஆர்3 ரேமுக்காக அறிமுகப்படுத்திய ஏற்பாடு; ஏ.எம்.டி. 2022-இல் டிடிஆர்5 ரேமுக்காகக் கொண்டுவந்தது எக்ஸ்போ. ரேம் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும் உயர்வேக எண்களை ஒரே சொடுக்கில் பயாஸில் ஏற்றுவதே இரண்டின் வேலையும். பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட வேகம் என்பதால் அதை இயல்பான வேகம் என்று பலர் எண்ணுகின்றனர், ஆனால் எக்ஸ்.எம்.பி.யை இயக்குவதே ஓர் ஓவர்கிளாக்கிங்தான். டிடிஆர்4 ரேமின் பொதுத்தர மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி. அதைப் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. அதைவிட முக்கியமானது, ரேமோடு பேசும் கட்டுப்படுத்தி மதர்போர்டில் இல்லை, செயலிக்குள்ளேயே இருக்கிறது என்பது. ஆகவே ரேம் தன்னளவில் நல்லதாக இருந்தாலும், அந்தச் செயலியின் கட்டுப்படுத்தி அவ்வேகத்தைத் தாங்கவில்லை என்றால் தடுமாற்றம் வரும். நான்கு ரேம் பலகைகளைப் பொருத்தியிருந்தால் அதன் சுமை மேலும் கூடும்.

ஆகவே ஆராய்ச்சியின் தொடக்கம் எப்போதும் ஒன்றே: எக்ஸ்.எம்.பி. உட்பட எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, அந்நிலையில் கணினி ஓர் இரவு முழுவதும் சோதனையைத் தாங்குகிறதா என்று உறுதிசெய்வது. அதன்பின் ரேமை மட்டும் உயர்த்தி மெம்டெஸ்ட்86 போன்ற நிரலால் சோதிக்க வேண்டும். அது தேறிய பிறகு ரேமை மீண்டும் இயல்பு வேகத்துக்கு இறக்கி, செயலியை மட்டும் உயர்த்த வேண்டும். இரண்டும் தனித்தனியே தேறினால்தான் சேர்த்து இயக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் இரண்டையும் ஒரே இரவில் உயர்த்திவிட்டு எது தவறியது என்று தேடுபவர் செலவிடும் நேரம் இதைவிடப் பன்மடங்கு.

அடிப்படைத் துடிப்பைத் தொட்டவர்களுக்கு வேறொரு விசாரணை இருக்கிறது. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் செயலிகளிலிருந்து, செயலிக்கான 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், சாட்டா போன்ற மற்றப் பாதைகளையும் இயக்குமாறு இணைக்கப்பட்டது. அதைச் சில விழுக்காடு உயர்த்தினாலே வட்டு காணாமல் போவதும், யூ.எஸ்.பி. கருவிகள் துண்டிக்கப்படுவதும் நேர்ந்தன. 2015-இல் வந்த ஸ்கைலேக்கில் இந்தப் பிணைப்பு தளர்த்தப்பட்டது என்றாலும், பல மதர்போர்டுகளில் இன்றும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. வட்டில் பிழை காட்டினால் வட்டை மாற்றுவதற்கு முன் அடிப்படைத் துடிப்பு 100-இல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுதிய வோல்ட்டும் வந்துசேரும் வோல்ட்டும்

பயாஸில் 1.35 என்று எழுதினால் செயலிக்கு 1.35 வோல்ட் கிடைத்துவிடுவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டைச் செயலிக்குத் தேவையான சிறு அளவுக்கு இறக்கித் தருவது, செயலியின் சாக்கெட்டைச் சுற்றி வெப்பத்தகடுகளின் கீழ் அமைந்துள்ள மின்னழுத்தச் சீராக்கி. செயலி கடும் வேலையில் இறங்கி அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது, சீராக்கி வேண்டுமென்றே மின்னழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கிறது. அந்தத் தாழ்வின் அளவைக் குறிக்கும் கோட்டுக்குச் சுமைக்கோடு என்று பெயர். அந்தக் கோடு 1 மில்லி ஓம் மின்தடைக்கு இணையாக அமைக்கப்பட்டிருந்து, செயலி 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், 0.15 வோல்ட் தாழும், எழுதிய 1.35 வோல்ட் சுமையின்போது 1.20 வோல்ட்டாகிவிடும். வெறுமனே இருக்கும்போது நன்றாக இருந்து, சோதனை நிரலைத் தொடங்கிய சில விநாடிகளில் கணினி விழுந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுவே.

சுமைக்கோட்டுச் சீரமைப்பு என்ற அமைப்பு இந்தத் தாழ்வைக் குறைப்பதற்காக இருக்கிறது. அதை உச்ச நிலைக்கு ஏற்றித் தாழ்வே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். அதுதான் பலர் விழும் குழி. செயலி கடும் வேலையை முடித்துச் சட்டென்று ஓய்வுக்குத் திரும்பும் கணத்தில் மின்னோட்டம் திடீரெனக் குறைகிறது. சீராக்கியால் அதே வேகத்தில் திரும்ப முடியாமல், மின்னழுத்தம் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு எழுதிய அளவையும் தாண்டி மேலே துள்ளுகிறது. மென்பொருள் காட்டும் அளவீடுகள் அந்தத் துள்ளலைப் பிடிக்கும் வேகம் உள்ளவை அல்ல. அலைநோக்கியில் மட்டுமே அது தெரியும். தாழ்வுக்கென்று இயல்பாக விடப்பட்ட இடம் இந்தத் துள்ளலை உள்வாங்கிக்கொள்வதற்கான இடம்தான். எனவே சீரமைப்பை நடுத்தர நிலையில் வைத்து, சுமையின்போது உண்மையில் வரும் மின்னழுத்தத்தைப் பார்த்து, அதற்கேற்பப் பயாஸ் எண்ணைச் சிறு சிறு படிகளாகத் திருத்துவதே பாதுகாப்பான வழி. இந்த ஒரு நுணுக்கத்தைப் புரிந்துகொண்டவரால், மற்ற அமைப்புகள் எதையும் தொடாமலேயே பல தடுமாற்றங்களைத் தீர்த்துவிட முடியும்.

ஆட்டோ என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. பெருக்கியை மட்டும் உயர்த்தி மின்னழுத்தத்தை ஆட்டோவில் விட்டால், கணினி எப்படியாவது எழ வேண்டும் என்பதற்காக, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை ஊட்டும் மதர்போர்டுகள் உண்டு. இதன் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு 2023 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில், அடுக்கிய கூடுதல் கேச் நினைவகம் கொண்ட எக்ஸ்3டி செயலிகள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகிப்போயின. எக்ஸ்போவை இயக்கியபோது, ரேம் கட்டுப்படுத்தி முதலிய பகுதிகளுக்குச் செல்லும் எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தை மதர்போர்டுகள் அளவுக்கு மீறி உயர்த்தியதே பெரும் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் புதிய பயாஸ் வழியாக அந்த மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை ஏ.எம்.டி. விதித்தது. பயனர் தொட்டது ரேம் வேகம் ஒன்றை மட்டும். மற்றதை மதர்போர்டே செய்தது.

வெப்பத்தைப் பற்றி நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். இன்றைய செயலி வெப்பத்தால் நேரடியாக அணைந்துபோவது அரிது. இன்டெல் மேசைச் செயலிகள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸையும், ரைசன் 7000 செயலிகள் பெரும்பாலும் 95 டிகிரியையும் எட்டும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதனால் வெப்பச் சிக்கலின் அடையாளம் நீலத்திரையன்று, உயர்த்திய வேகம் கிடைக்காமல் போவதே. குளிர்விப்பான் ஒன்று குறிப்பிட்ட சுமையில் அறை வெப்பத்தைவிட 60 டிகிரி மேலே செயலியை வைத்திருக்கிறது என்றால், 24 டிகிரிக் குளிரறையில் அது 84 டிகிரி. சென்னையின் மே மாதப் பகலில் 38 டிகிரி அறையில் அது 98 டிகிரி. குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகளில் உள்ள எண்கள் தமிழ்நாட்டின் கோடையில் பொருந்தாமல் போவதற்கும், ஜனவரியில் தேறிய அமைப்பு மே மாதத்தில் தடுமாறுவதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை. செயலி குளிர்ச்சியாக இருந்தும் வேகம் விழுந்தால் மின்னழுத்தச் சீராக்கியின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகளில் முதலில் சூடேறுவது அதுவே.

ஓய்வில் விழும் கணினி

கடும் சோதனையை இரவு முழுக்கத் தாங்கிய கணினி, மறுநாள் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது விழுந்துவிடுவது பலரைக் குழப்புகிறது. ஏ.எம்.டி. 2020-இல் ரைசன் 5000 செயலிகளோடு கொண்டுவந்த கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பைப் பயன்படுத்துவோருக்கு இது நன்கு பழக்கமான சிக்கல். ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு மின்னழுத்தம் என்று செயலிக்குள் எழுதப்பட்டிருக்கும் வளைகோட்டை, கோர் எனப்படும் ஒவ்வொரு கணிப்புப் பகுதிக்கும் தனித்தனியாக, ஒரு படிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் என்ற அளவில் தாழ்த்த இது இடம் தருகிறது. மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் குறைந்து, பூஸ்ட் வேகம் கூடுகிறது. ஆனால் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் தாழ்வாகவே இருக்கும். உலாவியைத் திறப்பது போன்ற குறு வேலையில்தான் ஒரே ஒரு கோர் தன் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. தாழ்த்தப்பட்ட மின்னழுத்தம் போதாமல்போவது அந்தத் தாவலில்தான். எனவே எல்லாக் கோர்களையும் ஒன்றாக வதைக்கும் சோதனை இங்கே எதையும் காட்டாது; ஒவ்வொரு கோராகத் தனித்து, ஏற்ற இறக்கமான சுமையில் சோதிக்க வேண்டும்.

விழுந்தது எந்தக் கோர் என்பதை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் பதிவாகின்றன: 19 என்ற எண் திருத்தப்பட்ட பிழையையும், 18 என்ற எண் திருத்த முடியாமல் கணினியை வீழ்த்திய பிழையையும் குறிக்கும். 18-ஆம் எண் பதிவில் ஏ.பி.ஐ.சி. அடையாள எண் ஒன்று இருக்கும். கோர் ஒன்றுக்கு இரண்டு இழைகள் கொண்ட செயலிகளில் பொதுவாக அதை இரண்டால் வகுத்தால் பிழை செய்த கோர் தெரிந்துவிடும். அந்த ஒரு கோரின் தாழ்வைச் சில படிகள் தளர்த்தினால் போதும். 19-ஆம் எண் பதிவுகள் இன்னும் பயனுள்ளவை. ஏனெனில் கணினி விழுவதற்கு முன்பே, ஒழுங்காக ஓடுவதாகத் தோன்றும் நாட்களிலேயே, விளிம்பு நெருங்கிவிட்டதை அவை சொல்கின்றன.

சோதனை நிரல்களுள் பிரைம்95-க்குத் தனி இடம் உண்டு. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்கென எழுதப்பட்ட இந்நிரல், விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைச் செயலியிடம் கொடுத்துப் போடவைத்து, வரும் விடையை ஒப்பிடுகிறது. கணினி விழாமலேயே ஓர் இலக்கம் பிசகினாலும் அது பிடித்துவிடும் என்பதே அதன் மதிப்பு. ஓவர்கிளாக்கிங்கில் மிக ஆபத்தானது கணினி விழுவதன்று, விழாமல் தவறாகக் கணக்கிடுவது. ஏனெனில் அந்தத் தவறு வட்டில் எழுதப்படும் புகைப்படத்திலும், கணக்குக் கோப்பிலும், விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலும் சத்தமின்றிப் போய் அமரும். பின்னர் எல்லா அமைப்புகளையும் சரிசெய்தாலும், கெட்டுப்போன இயங்குதளம் தொடர்ந்து தடுமாறிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டு செயலியே பழுதென்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. எனவே சோதனைக்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

எவரும் தொடாத ஓவர்கிளாக்கிங்

பயனர் எதையுமே மாற்றாத கணினிகளும் தடுமாறிய வரலாறு அண்மையில் நடந்தது. இன்டெல் 2022 அக்டோபரிலும் 2023 அக்டோபரிலும் வெளியிட்ட 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகளுள் உயர்ந்த வகைகளை வாங்கியோர், அன்ரியல் என்ஜினில் உருவாக்கப்பட்ட விளையாட்டுகளைத் திறக்கும்போது, வீடியோ நினைவகம் போதவில்லை என்ற செய்தியைக் கண்டனர். 24 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தோருக்கும் அதே செய்தி வந்தது. டிரைவரை மாற்றியும் கார்டையே மாற்றியும் பயனில்லை. ஏனெனில் பழுது அங்கே இல்லை. விளையாட்டு தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளை விரித்தெடுக்கும் வேலை செயலிக்குரியது. அந்தக் கணக்கில் செயலி செய்த பிழை, வேறோர் உறுப்பின் பெயரில் திரையில் வந்தது. சுருக்க நிரலான ஊடுலை உருவாக்கிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனமே, செயலியின் உயர்திறன் கோர்களின் பெருக்கியை 55-இலிருந்து 53 ஆகக் குறைத்துப் பார்க்குமாறு அறிவுறுத்தியது. குறைத்தவர்களுள் பலருக்குச் செய்தி மறைந்தது.

முதலில் பழி விழுந்தது மதர்போர்டுகளின் மேல். அதில் நியாயமும் இருந்தது. ஐ9 13900கே செயலிக்கு இன்டெல் குறித்த டர்போ மின்திறன் வரம்பு 253 வாட். பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அந்த இடத்தில் 4,096 வாட் என்று வைத்திருந்தன. அதாவது வரம்பே இல்லை. சோதனைப் பட்டியல்களில் போட்டி நிறுவனத்தைவிட ஒரு விழுக்காடு முந்துவதற்காக, வாங்குபவரின் சம்மதம் கேட்காமலேயே அவருடைய காப்பு இடைவெளியைச் செலவிட்ட இந்தப் பழக்கம் கண்டிக்கத்தக்கது. ஆனால் முழுக் காரணம் அதுவன்று. செயலிக்குள் இயங்கும் நுண்நிரல் தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த புதிய நுண்நிரல் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில், உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கோருக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றைத் தேய்ப்பதே மூலக் காரணம் என்று விளக்கம் வந்தது. தேய்ந்த செயலிக்கு அதே வேகத்தில் ஓட முன்னைவிட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அந்தத் தேய்வைப் புதிய நுண்நிரலால் திருப்ப முடியாது. பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு உத்தரவாதக் காலத்தை இன்டெல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

தடுமாறும் கணினியை ஆராய்பவருக்கு இந்நிகழ்வு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, திரையில் வரும் பிழைச் செய்தி பிழை வெளிப்பட்ட இடத்தைக் காட்டுகிறதே தவிர, பிறந்த இடத்தைக் காட்டுவதில்லை. இரண்டாவது, முன்பு தேறிய அமைப்பு எந்த மாற்றமும் இன்றி ஓர் ஆண்டு கழித்துத் தடுமாறத் தொடங்கினால், மேலும் மின்னழுத்தம் கொடுத்து அதை நிமிர்த்த முயல்வது தேய்வை விரைவுபடுத்தும் செயல். வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதும், தொழிற்சாலை அமைப்பிலும் தடுமாற்றம் நீடித்தால் உத்தரவாதத்தை நாடுவதும்தான் முறை.

ஓவர்கிளாக்கிங்கைத் தொடங்க விரும்புபவர் முதலில் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளட்டும். உற்பத்தியாளர் குறித்த மின்திறன் வரம்புகள் உண்மையிலேயே நடப்பில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஒரு குறிப்பேட்டில் தேதி, மாற்றிய ஒரே எண், சுமையில் வந்த மின்னழுத்தம், வெப்பம், சோதனை தாங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி வரட்டும். ஒரு படிக்கு ஒரு மாற்றம் என்ற ஒழுங்கை விட்டு விலகாமல் இருந்தும் செயலி ஏதோ ஒரு வேகத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினால், அதுவே அந்தச் செயலியின் எல்லை. 5.2 கிகாஹெர்ட்ஸில் தடுமாறும் செயலியை 5.1-க்கு இறக்குவதால் இழக்கும் வேகம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.